மறு: வர்க்கப்படுத்தியதும் முளைக்கும் அந்த இரண்டாவது விடைக்கு என்ன பெயர்?

வணக்கம்.

வீட்டுக்கணக்கைப் படிப்படியாகப் போட்டுக் காட்டும் செயலியைத் தமிழாக்கும் தம்பி, ‘எக்ஸ்ட்ரேனியஸ் ரூட்’ (கணக்குப் போடும் வழியில் கிடைத்து, தொடக்கச் சமன்பாட்டில் பொருந்தாமல் போகும் விடை) என்ற ஒரு சரத்தை, அதாவது திரையில் வரும் சொல்லை, மட்டும் தமிழாக்காமல் விட்டு வைத்து நம்மிடம் பெயர் கேட்டிருக்கிறார். மூன்று நாளில் சொற்கள் வரிசையாக வந்துவிட்டன. ஒவ்வொன்றையும் ஒரு கணக்கின்மேல் வைத்துப் பார்த்துவிட்டு எழுதலாம் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

தெரியாத எண்ணை ‘ம’ என்று எழுதுகிறேன். (க, அ, ய என்று எழுதினால் தமிழ் எண்களில் 1, 8, 10 ஆகிவிடும். பழைய கணக்கேடு பார்த்தவர்கள் சண்டைக்கு வருவார்கள்.)

√(ம + 6) = ம
ம + 6 = ம²
ம² − ம − 6 = 0
(ம − 3)(ம + 2) = 0
ம = 3 அல்லது ம = −2

3ஐப் போட்டுப் பார்த்தால் √9 = 3, சரி. −2ஐப் போட்டால் இடப்பக்கம் √4, அதாவது 2. வலப்பக்கம் −2. ஒட்டவில்லை. ஆனால் மேலே ஒரு வரியிலும் தப்பு கிடையாது. ‘எல்லாம் சரியாத்தானே சார் போட்டேன், எங்க தப்பு?’ என்று பையன்கள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வருவது இந்த இடத்தில்தான். தப்பு இல்லை. இருபுறமும் வர்க்கப்படுத்தியபோது குறி அழிந்துபோனது. −2 என்பது −√(ம + 6) = ம என்ற பக்கத்து வீட்டுக் கணக்கின் விடை. வர்க்கப்படுத்தியதும் நடுச்சுவர் இடிந்து இரண்டு வீட்டு விடையும் ஒரே கூடத்துக்கு வந்துவிட்டன. நமக்கு வேண்டிய பெயர் இதைச் சொல்ல வேண்டும்: இந்த விடை கேள்வியில் இல்லை, நாம் எடுத்து வைத்த ஒரு படியில் வந்தது.

> ‘மிகை மூலம்’ சுருக்கமாக இருக்கிறதே ஐயா?

சுருக்கம்தான். மூலம் என்றால் சமன்பாட்டின் விடை, அதுவும் சரி. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மிகை எண், குறை எண் என்றால் நேர் எண், எதிர் எண். −2ஐப் போய் ‘மிகை மூலம்’ என்று அழைத்தால் எந்தப் பிள்ளை ஒத்துக்கொள்ளும்?

> ‘இடைச்செருகல்’ அழகாக இருக்கும். பழைய பாட்டில் பிற்காலத்தார் நுழைத்த வரி மாதிரி.

எனக்கும் மிகவும் பிடித்தது. ஆனால் மேல்நிலை வணிகக் கணிதத்தில் ‘இன்டர்பொலேஷனு’க்கு (தெரிந்த மதிப்புகளுக்கு நடுவே உள்ள மதிப்பைக் கணிப்பது) அந்தச் சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்கள். இருக்கையில் துண்டு போட்டாயிற்று.

> போலி மூலம்?

இதற்குத்தான் அதிக ஆதரவு, எனக்கு அதிகத் தயக்கமும் இதில்தான். போலி என்றால் கள்ள நோட்டு போல ஆகிறது. −2 வர்க்கப்படுத்திய சமன்பாட்டுக்கு அசல் மூலம். அதைப் போலி என்றால் முதல் வரிக்கும் இரண்டாம் வரிக்கும் உள்ள வித்தியாசமே மறைந்துபோகும். இலக்கணத்தில் போலி என்றால் வேறு. பந்தல், பந்தர் என எழுத்து மாறினாலும் பொருள் மாறாமல் ஒன்றின் இடத்தில் மற்றது நிற்கும். இங்கே 3இன் இடத்தில் −2 நிற்க முடியாது.

‘புறம்பான மூலம்’ அகராதியிலிருந்து நேரே இறங்கிய சொல். குற்றமில்லை, குணமும் இல்லை.

அக்கா கேட்டிருந்தது முக்கியமான கேள்வி:

> பெட்டிக் கணக்கில் தள்ளிவிடும் விடையும் இதுதானே?

இல்லை அக்கா. 12 செ.மீ. சதுர அட்டையின் நான்கு மூலையிலும் ம செ.மீ. சதுரம் வெட்டி மடித்தால் கன அளவு ம(12 − 2ம)². அது எப்போது மிக அதிகமாகும் என்று பார்க்க வகையிட்டுப் (டிஃபரன்ஷியேட் செய்து) பூச்சியமாக்கினால் (12 − 2ம)(12 − 6ம) = 0. ம = 6 அல்லது 2. ம = 2 என்றால் 128 கன செ.மீ., அதுதான் பெருமம். 6 என்று வெட்டினால் அட்டையே மிஞ்சாது, அதனால் தள்ளுகிறோம். ஆனால் அந்த 6 வகையிட்டுக் கிடைத்த சமன்பாட்டின் நியாயமான மூலம். அதை எந்தப் படியும் கொண்டுவரவில்லை. பெட்டி செய்கிறவனுக்கு உதவாது, அவ்வளவுதான். இதற்குப் ‘பொருந்தா விடை’ என்று வைக்கலாம். செயலி இரண்டுக்கும் ஒரே சொல்லைக் காட்டினால் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துவிடுவார்கள்.

மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் வருவது நம் வகை. அடிமானம் 10 என்று வைத்து, மடக்கை ம + மடக்கை (ம − 3) = 1. இரண்டையும் சேர்த்தால் ம(ம − 3) = 10, விடை 5, −2. சேர்த்தபின் −2 கச்சிதமாகப் பொருந்துகிறது, (−2)(−5) = 10. சேர்க்கும் முன்போ −2க்கு மடக்கையே கிடையாது. மதிப்பகம் (ம எந்தெந்த எண்ணாக இருக்கலாம் என்ற எல்லை) அகன்றதால் உள்ளே வந்தது.

இதற்கு நேர் எதிரானதும் உண்டு. ம² = 5ம என்பதை இருபுறமும் ம-ஆல் வகுத்து ‘ம = 5’ என்று முடித்துவிடுவார்கள். பூச்சியம் என்ற விடை காணாமல் போய்விடும். முன்னது வந்து சேருகிறது, பின்னது உதிர்ந்துபோகிறது. வைத்தால் இரண்டுக்கும் சேர்த்தே பெயர் வைக்க வேண்டும்.

இப்போது என் பரிந்துரை. புணர்ச்சியில் விகாரம் மூன்று என்று பள்ளியிலேயே படிக்கிறோம்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழை + பழம் = வாழைப்பழம். நடுவில் உள்ள ‘ப்’ வாழையிலும் இல்லை, பழத்திலும் இல்லை. சேர்த்தபோது தோன்றியது. மரம் + வேர் = மரவேர், ‘ம்’ கெட்டது. நம் −2 தோன்றல், நம் பூச்சியம் கெடுதல்.

‘கெட்ட மூலம்’ என்று மட்டும் வேண்டாம். ‘மூலம்’ என்றாலே வகுப்பில் கடைசி பெஞ்சு சிரிக்கும், மருத்துவர் விளம்பரம் அப்படி. அதோடு ‘கெட்ட’ சேர்ந்தால் அன்றைய பாடம் முடிந்தது. எனவே தோன்றல் தீர்வு, விடுபட்ட தீர்வு.

———

அண்ணா, யாழ்ப்பாணத்திலிருந்து.

நாங்கள் நேர், மறை என்றே எழுதுவதால் ‘மிகை’ இங்கே இடிக்காது. ஆனால் இரு கரைக்கும் ஒரு சொல் என்றால் விட்டுவிடலாம். ஏற்கெனவே நீங்கள் வகையிடல் என்கிறீர்கள், நாங்கள் வகையீடு என்கிறோம். அது போதும்.

‘தோன்றல்’ பற்றி ஒரு சந்தேகம். வாழைப்பழத்தில் ‘ப்’ கட்டாயம் வரவேண்டும், விட்டால் பிழை. −2ஐயோ தூக்கி எறிய வேண்டும். போலியை இலக்கணம் காட்டித் தள்ளினீர்கள், அதே இலக்கணம் உங்கள் சொல்லையும் தள்ளாதா?

———

தள்ளும்தான், பாதி. மறுக்கவில்லை. ஆனால் ‘போலி’ ஒரு தீர்ப்பு, அந்தத் தீர்ப்பு தப்பு. ‘தோன்றல்’ எங்கிருந்து வந்தது என்று மட்டும் சொல்கிறது. வைத்துக்கொள்வதா எறிவதா என்பதை முதல் வரியில் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வர்க்கப்படுத்தினால் எப்போதும் தோன்றும் என்றும் இல்லை. √(ம + 6) = 3 என்பதை வர்க்கப்படுத்தினால் 3 மட்டும்தான் கிடைக்கும். பெயர் முன்கூட்டியே தண்டனை கொடுக்காமல் இருப்பது நல்லது என்று படுகிறது.

———

ஐயா, அக்கா, இருவருக்கும் நன்றி. மூன்று சரமாகப் பிரித்துவிட்டேன்: தோன்றல் தீர்வு, விடுபட்ட தீர்வு, பொருந்தா விடை. முதலாவதற்குத் திரையில் இப்படி வரும்:

‘ம = −2: தோன்றல் தீர்வு. 1ஆம் படியில் இருபுறமும் வர்க்கப்படுத்தியபோது வந்தது. தொடக்கச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்க: 2 ≠ −2.’

கைபேசியில் இரண்டாம் வரி மடங்குகிறது, பரவாயில்லை. அப்புறம் ‘கம்ப்ளீட்டிங் தி ஸ்கொயர்’ என்பதற்குப் பாடநூலில் உள்ள ‘வர்க்கப்பூர்த்தி முறை’யையே போட்டுவிட்டேன். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள்.