நிஃப்டியின் 2021–22 இறக்கம்: திருத்தம் என்று எப்போது தெரிந்திருக்கும், எங்கே வாங்கியிருக்கலாம்?

கேள்வி:

வணக்கம் நண்பர்களே. எலியட் அலைக் கோட்பாட்டை (விலை போக்கின் திசையில் ஐந்து அலைகளாகவும் எதிர்த்திசைத் திருத்தத்தில் மூன்று அலைகளாகவும் நகரும் என்பது) பழைய சார்ட்டுகளில் பொருத்திப் பார்த்துப் பயின்று வருகிறேன். நிஃப்டி 2021 அக்டோபர் 19 அன்று 18,604 என்ற உச்சத்தைத் தொட்டு, டிசம்பரில் 16,410 வரை இறங்கி, ஜனவரியில் 18,350 வரை ஏறியது. பிறகு மார்ச் 8 அன்று 15,671, ஏப்ரல் 4 அன்று 18,114 என்று மாறிமாறிச் சென்று, 2022 ஜூன் 17 அன்று 15,183 வரை வந்தது. கீழ்நோக்கிய புதிய போக்கு தொடங்கவில்லை, பெரிய ஏற்றத்துக்கு நடுவே வரும் திருத்தம்தான் இது என்று ஏப்ரல் மாதமே சொல்லியிருக்க முடியுமா? முடியும் என்றால், எந்த இடத்தில் வாங்குவது முறையாக இருந்திருக்கும்?

பதில் 1:

பெருமளவு சொல்லியிருக்க முடியும். ஜிக்ஜாக், ஃபிளாட், முக்கோணம் என்று திருத்தத்தின் வடிவத்துக்குப் பெயர் சூட்டுவதற்கு முன்னால், ஒவ்வொரு இறக்கத்திலும் எவ்வளவு பங்கு மீட்கப்பட்டது என்று கணக்கிடுங்கள். முதல் இறக்கம் 2,194 புள்ளிகள். அதில் 1,940 புள்ளிகள், அதாவது 88 சதவீதம், ஜனவரிக்குள் திரும்பி வந்தன. அடுத்த இறக்கமான 2,679 புள்ளிகளில் 91 சதவீதம் ஏப்ரலுக்குள் மீண்டது. விற்பவர்களின் கை உண்மையில் ஓங்கியிருந்தால், இழந்ததை இப்படி ஏறத்தாழ முழுவதுமாக இருமுறை மீட்க விட்டிருக்க மாட்டார்கள். மேலும், ஐந்தலை இறக்கத்தில் நான்காம் அலை முதல் அலையின் எல்லைக்குள் நுழையக் கூடாது என்பது எலியட்டின் விதி. இங்கே ஏப்ரல் ஏற்றம் 16,410-ஐ வெகுவாகத் தாண்டிச் சென்றது. மூலைவிட்ட அமைப்பில் (அலைகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் ஆப்பு வடிவம்) இந்த விதிக்கு விலக்கு உண்டு என்பதால் இதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாமல், வலுவான சான்றாக மட்டும் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

மிக்க நன்றி ஐயா. அப்படியானால் ஏப்ரலிலேயே வாங்கியிருக்கலாமா?

பதில் 1 (தொடர்ச்சி):

கூடாது. திருத்தம் என்று அறிவது வேறு, அது முடிந்துவிட்டது என்று அறிவது வேறு. ஏப்ரலுக்குப் பிறகும் 2,931 புள்ளிகள் சரிந்தன என்பதை உங்கள் சார்ட்டிலேயே பார்க்கலாம்.

பதில் 2:

திருத்தத்தின் முடிவைக் காட்டிக்கொடுத்தவை டிரெண்ட்லைன்கள்தான், அதாவது உச்சங்களையோ தாழ்வுகளையோ இணைத்து வரையும் கோடுகள். அக்டோபர், ஜனவரி உச்சங்களை இணைத்து ஒரு கோடு வரைந்து வலப்பக்கம் நீட்டினால், ஏப்ரல் தொடக்கத்தில் அது 18,140-ஐ ஒட்டி வருகிறது. சந்தை 18,114-இல் திரும்பியது. ஆகவே இந்தச் சேனலின் (இரு கோடுகளுக்கு இடைப்பட்ட பாதை) மேல்கோட்டை நம்பலாம். டிசம்பர், மார்ச் தாழ்வுகளை இணைக்கும் கீழ்க்கோடு ஜூன் நடுவில் ஏறத்தாழ 14,700-இல் இருந்தும், விலை அதைத் தொடாமல் 15,183-லேயே நின்றுவிட்டது. இறக்கத்தின் வேகம் குறைந்துவிட்டதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறியை நான் கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 17 அன்று நிஃப்டி மேல்கோட்டுக்கு மேலே 17,944-இல் முடிந்தது. பாடப்புத்தக முறையில் வாங்க வேண்டிய இடம் அதுதான். ஆனால் அதன் பின் செப்டம்பர் 30 அன்று 16,747 வரை திரும்ப இறங்கியது. ஜூன் தாழ்விலிருந்து ஏறியதில் இந்தப் பின்வாங்கல் ஏறத்தாழ 46 சதவீதம் மட்டுமே. முன்பு 90 சதவீதத்தை ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்த அதே சந்தை இப்போது பாதியைக்கூடத் திரும்பக் கொடுக்கவில்லை. எனவே அக்டோபர் முதல் வாரத்துச் சிறு உச்சமான ஏறத்தாழ 17,430-ஐ அந்த மாதத்தின் பிற்பகுதியில் விலை தாண்டியபோது வாங்குவதே என் பார்வையில் சிறந்த நுழைவு. டிசம்பர் 1 அன்று 18,887 வந்தது.

பதில் 3:

மேலே நண்பர் சொன்ன இரண்டு நுழைவுகளையும் ரூபாயில் ஒப்பிட்டுப் பாருங்கள், ஏனெனில் பலரும் அலை எண்ணுவதில் காட்டும் அக்கறையை இதில் காட்டுவதில்லை. நம் கணிப்பு எந்த விலையில் பொய்யாகிறதோ அங்கேதான் ஸ்டாப்லாஸ் (நட்டத்தை நிறுத்த விற்று வெளியேறும் விலை) இருக்க வேண்டும். ஆகஸ்டில் 17,944-க்கு வாங்கியவருக்கு அந்த இடம் ஜூன் தாழ்வான 15,183. இடைவெளி 2,761 புள்ளிகள். அன்றைய ஃபியூச்சர்ஸ் லாட் (ஒரு ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச அளவு) 50, அதாவது ஒரு புள்ளிக்கு 50 ரூபாய் என்பதால், ஒரு லாட்டுக்கு ஏறத்தாழ 1.38 லட்சம் ரூபாய். அக்டோபரில் 17,430-க்கு வாங்கியவருக்கு அந்த இடம் 16,747. இழப்பு நேர்ந்தால் 34,000 ரூபாயைச் சுற்றி நின்றுவிடும். ஒரே வர்த்தகத்தில் முதலீட்டின் 2 சதவீதத்துக்கு மேல் இழப்பதில்லை என்று வைத்துக்கொண்டால், முதல் நுழைவுக்கு 69 லட்சம் வேண்டும், இரண்டாவதற்கு 17 லட்சம் போதும்.

இந்தத் திருத்தம் நிகழ்ந்த 2021–22 நிதியாண்டிலேயே, பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பிரிவில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 89 சதவீதத்தினர் நட்டம் அடைந்தனர் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் ஆய்வு காட்டியது. தொகை குறைவாக உள்ளவர்கள் இதே நுழைவையும் இதே ஸ்டாப்லாஸையும் வைத்துக்கொண்டு, நிஃப்டி ஈடிஎஃப் (குறியீட்டைப் பின்பற்றும், சந்தையில் வாங்கி விற்கும் நிதி) அலகுகளைத் தங்களுக்கு ஏற்ற எண்ணிக்கையில் வாங்கலாம். லாட் அளவு என்ற கட்டாயம் அங்கே இல்லை.