மெதுவாக நடக்கும் வான் நிகழ்வுகளுக்கு "தவழ்நிகழ்வு"

அனைவருக்கும் வணக்கம்.

கிரகணம், வால்வெள்ளி, கோள்கள் நெருங்குதல் போன்றவற்றுக்கு ஒரு பொதுச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன. மட்டக்களப்பிலிருந்து எழுதும் ஐயா "மந்தநிகழ்வு" என்றார். கொழும்பு அக்கா "நெடுநிகழ்வு" என்றார். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. "தவழ்நிகழ்வு" என்று வைப்போம் என்பது என் முன்மொழிவு.

இந்தச் சொல் ஏன் அவசரமாக வேண்டும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு சந்திர கிரகணத்துக்கும் எங்கள் ஒழுங்கையில் இதுதான் நடக்கிறது: சனம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வருகிறது, பத்து நிமிடம் அண்ணாந்து பார்க்கிறது, "ஒன்றும் நடக்கவில்லையே" என்று உள்ளே போய்விடுகிறது. 2025 செப்டெம்பர் 7 கிரகணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இலங்கை நேரப்படி இரவு 9.57க்குச் சந்திரன் பூமியின் கருநிழலைத் தொட்டது. முழுதாக உள்ளே போகும்போது 11 மணி. வானத்தில் தன் விட்டமளவு தூரம் நகரச் சந்திரனுக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும், அதனால்தான் இந்த இடைவெளி. ஆனால் செய்திகளில் வருவது "இன்றிரவு சந்திர கிரகணம்" என்ற ஒரு வரியும், சந்திரன் படிப்படியாகச் சிவப்பதை ஒரே சட்டத்தில் அடுக்கிய படமும். மூன்று மணித்தியாலத்தை அரை நிமிடமாகச் சுருக்கிய காணொளியைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை ஏமாறாமல் என்ன செய்யும்? பிழை பிள்ளையிடம் இல்லை, அறிவிப்பில் இருக்கிறது. எவ்வளவு மெதுவாக நடக்கும் என்பதை யாருமே சொல்வதில்லை.

பஞ்சாங்க மரபு இதைச் சொல்லியது. முழுக் கிரகணத்துக்குப் பரிசம் (நிழல் தொடுவது), நிமீலனம் (முழுதாக மறைவது), மத்திமம் (நடு), உன்மீலனம் (மீண்டும் வெளிப்படத் தொடங்குவது), மோட்சம் (முழுதாக விடுபடுவது) என்று ஐந்து கட்டங்கள், ஐந்துக்கும் நேரம். அதைப் படித்தவருக்கு எப்போது வெளியே வரவேண்டும் என்று தெரியும். அந்த ஒழுங்கை நாம் இன்றைய தமிழில் மீட்க வேண்டும்.

சரி, சொற்களுக்கு வருவோம்.

"மந்தம்" வான நூலில் பழைய சொல்தான். சூரியனைச் சுற்றிவர 29 வருடத்துக்கு மேல் எடுக்கும் சனிக்கு மந்தன் என்றே பெயர். ஆனால் இன்று வீட்டில் மந்தம் என்றால் வயிற்றுக் கோளாறு, பள்ளிக்கூடத்தில் என்றால் படிப்பு ஏறாத பிள்ளை. குறையைச் சுட்டும் சொல்லை வைத்துக்கொண்டு யாரையும் வானத்தின் பக்கம் கூப்பிட முடியாது.

"நெடுநிகழ்வு" அளக்கும் பொருளே வேறு. டிசெம்பர் நடுவில் வரும் ஜெமினிட் விண்கல் மழை பல இரவுகளுக்கு நீள்கிறது. ஆனால் ஒவ்வொரு விண்கல்லும் கண் இமைப்பதற்குள் எரிந்து முடிகிறது. அது நீண்டது, மெதுவானது அல்ல. நமக்கு வேண்டிய வரையறை கண்ணைப் பொறுத்தது. மணிக்கூட்டின் சின்ன முள்ளைப் போல, பார்த்துக்கொண்டே இருந்தால் அசைவு தெரியாது, விட்டுவிட்டுப் பார்த்தால் தெரியும். அப்படிப்பட்ட வான் மாற்றம்தான் தவழ்நிகழ்வு.

ஊர்தல் என்ற வினையையும் யோசித்தேன். "ஊர்நிகழ்வு" என்றால் கோயில் திருவிழா என்று நினைப்பார்கள். போதாததற்கு, சந்திரனைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டத்துக்கு ஊர்கோள் என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது.

தவழ்தல் குழந்தைக்குரியதல்லவா என்று யாரும் கேட்கலாம். முகிலும் தவழ்கிறது, தென்றலும் தவழ்கிறது, யாரும் அதைக் குறைவாக எண்ணுவதில்லை. வினைத்தொகையாக நிற்பதால் மற்றச் சொற்களோடும் எளிதாகச் சேரும்: கிரகணத்துக்குத் தவழ்மறைப்பு, கோள்கள் நெருங்குவதற்குத் தவழ்நெருக்கம். 2020 டிசெம்பர் 21 மாலை குருவும் சனியும் வெறும் ஆறு கலை (ஒரு பாகையின் பத்தில் ஒரு பங்கு) இடைவெளிக்கு வந்தன. "இரண்டு கோள்கள் ஒன்றாகும்" என்ற பேச்சை நம்பி வந்தவர்கள் மோதலை எதிர்பார்த்தார்கள். "தவழ்நெருக்கம், இரண்டு வாரம் முன்பிருந்தே மாலையில் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் அதே சனம் நாளுக்கு நாள் இடைவெளி குறைவதைக் கண்டு மகிழ்ந்திருக்கும். வால்வெள்ளியும் இதே வகைதான். பெயரில் வால் இருப்பதால் அது பாய்ந்து ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். நட்சத்திரங்களிடையே அது எவ்வளவு நகர்ந்தது என்பது பெரும்பாலும் அடுத்த இரவில்தான் தெரியும்.

எதிர்ச்சொல்லும் வேண்டும். "நொடிநிகழ்வு" போதும். இது முக்கியம், ஏனென்றால் தவழ்நிகழ்வுக்குள்ளேயே நொடிநிகழ்வுகள் இருக்கின்றன. 2010 ஜனவரி 15, பட்டிப்பொங்கலன்று யாழ்ப்பாணத்தில் தெரிந்த கங்கண (சூரியன் வளையமாகத் தெரியும்) சூரிய கிரகணம் மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல் நீடித்தது. கங்கணம் மட்டும் பத்து நிமிடம் நின்றது. ஆனால் பிறையின் இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு வளையமாக மூடியது சில செக்கன்களில். காலையிலிருந்து காத்துக் களைத்து அந்தச் சில செக்கன்களைத் தவறவிட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பொறுக்கவில்லை. அறிவிப்பில் "தவழ்மறைப்பு இத்தனை மணி முதல், நொடிநிகழ்வு இத்தனை மணிக்கு" என்று இரண்டு வரி இருந்தால் போதும். களைத்தவர் உள்ளே போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு உரிய நேரத்துக்குத் திரும்பலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தவழ்நிகழ்வு என்றால் பிள்ளைகளிடம் தாளும் பென்சிலும் கொடுங்கள். கால் மணித்தியாலத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, நிழல் எங்கே நிற்கிறது என்று குறிக்கச் சொல்லுங்கள். அசைவைக் கண் பிடிக்காவிட்டாலும் தாள் பிடித்துவிடும்.

2028 டிசெம்பர் 31 இரவு இலங்கையிலிருந்து ஒரு முழுச் சந்திர கிரகணம் தெரியும். எட்டரைக்குப் பிறகு தொடங்கி நள்ளிரவு தாண்டி முடியும். மாரி முகில் விட்டால், புதுவருடத்துக்காக விழித்திருக்கும் சனம் முழுவதும் அன்று வானத்தைப் பார்க்கும். அதற்கு முன் இந்தச் சொற்களைச் செய்தியாளர்களிடமும் பள்ளிக்கூடங்களிலும் சேர்த்துவிட வேண்டும். தவழ்நிகழ்வு, நொடிநிகழ்வு இரண்டுக்கும் மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். மட்டக்களப்பு ஐயா, மந்தநிகழ்வை நீங்கள் விடுவதாக இல்லையென்றால், பொதுமக்களுக்கான அறிவிப்பில் அது எப்படி நிற்கும் என்று ஒரு மாதிரி வரி எழுதிக் காட்டுங்கள்.