.338, 9.3, .375 – நடுத்தர கேலிபர் ரைஃபிள் வச்சிருக்கிறவங்க அனுபவத்தை எழுதுங்க

கேலிபர்னா குண்டோட குறுக்களவு, புள்ளி போட்டதெல்லாம் அங்குலத்துல. அதுல .308, .30-06 பத்தி பேசிப் பேசி தேஞ்சே போச்சு. அந்தப் பக்கம் .458 மாதிரி பெருசுங்களைப் பத்தியும் நிறைய பேர் எழுதியாச்சு. நடுவுல ஒரு கூட்டம் இருக்கு, .338-ல ஆரம்பிச்சு .358, 9.3 மில்லி, .375 வரைக்கும், அதைப் பத்தி யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க. இதுல எதையாவது தூக்கிக்கிட்டு நிஜமா வேட்டைக்குப் போனவங்க எழுதுங்க. சுட்ட பிறகு மிருகம் என்ன பண்ணுச்சு, குண்டு எங்க போய் நின்னுச்சு, உங்க தோள் என்ன சொல்லுச்சு, அது போதும். கேட்லாக்ல இருக்கிற எனர்ஜி கணக்கை அப்படியே ஒட்டாதீங்க, அது எல்லாருக்கும் தெரியும்.

நானே ஆரம்பிக்கிறேன். என்கிட்ட இருக்கிறது .338 வின்செஸ்டர் மேக்னம். 1958-ல வின்செஸ்டர் மாடல் 70 ரைஃபிள்ல அலாஸ்கன்னு பேர் வச்சு இறக்குனாங்க. .375 எச் அண்ட் எச் (ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட்) தோட்டாவோட கேஸையே, அதான் மருந்து அடங்குற பித்தளை உறையை, குட்டையாக்கி, கழுத்தைச் சுருக்குன தோட்டாதான், அதனால தோட்டாவை உள்ள தள்ளி வெளிய எடுக்குற பொறியில, .30-06 போற நீளத்து ஆக்‌ஷன்லயே அடங்கிடும், தனியா நீள ஆக்‌ஷன் தேட வேண்டியதில்ல. நான் போடுறது 225 கிரெய்ன் எடை குண்டு, நொடிக்கு 2,780 அடி கிட்ட வருது. 100 மீட்டர்ல ஸீரோ பண்ணி (குறி வச்ச இடத்துலயே படுற மாதிரி ஸ்கோப்பை சரிபண்ணி) வச்சா 200-ல ஒரு 12 சென்டிமீட்டர் இறங்கும், அவ்ளோதான், பெரிய மிருகத்துக்கு நடுவுல பிடிச்சு அடிச்சா போதும், எதையும் கூட்டிக் கழிக்க வேணாம்.

ஒரு ஆண் மூஸ் (ரொம்பப் பெரிய மான் வகை), குறுக்கா நின்னுச்சு, முன்னங்காலுக்குப் பின்னாடி வச்சு அடிச்சேன். சத்தம் எதிரொலிச்சு வர்றதுக்குள்ள சுருண்டு விழும்னு நினைச்சா அது திரும்பி என்னையே பாக்குது! ஒண்ணுமே நடக்காத மாதிரி நிக்குது. ரெண்டாவதும் போட்டேன், அப்பவும் நாலு எட்டு நடந்து போய்தான் படுத்துச்சு. அறுத்துப் பாத்தா முதல் குண்டுலயே ரெண்டு நுரையீரலும் போயிருக்கு. மூஸ் அப்படித்தான், உடம்பு பெருசு, அடி வாங்குனதைக் காட்டிக்காது, நின்னுக்கிட்டே சாகும். .338 அடிச்சா மின்னல் விழுந்த மாதிரி விழும்னு சொல்றவங்க எத்தனை மூஸ் பாத்தாங்களோ தெரியல.

உதை விஷயத்துல பொய் சொல்ல மாட்டேன். .30-06-ஐ விட ஒண்ணரை மடங்குக்கு மேலயே இருக்கு, அதுவும் சுருக்குனு வருது, மெதுவா தள்ளாது, அறையும்.

* * *

அண்ணே நல்ல திரி. நான் 9.3×62 ஆளு. .338 ஒரு சீசன் கடன் வாங்கி வச்சிருந்தேன், திருப்பிக் குடுத்துட்டு இதுக்கு வந்துட்டேன், வந்ததுல வருத்தமே இல்ல.

இந்தத் தோட்டாவோட கதையே அழகு. பெர்லின்ல ஓட்டோ போக்னு ஒரு துப்பாக்கிக்காரர், 1905-ல செஞ்சாரு. அப்ப ஆப்பிரிக்காவுல இருந்த ஜெர்மன் காலனிகளுக்குப் போற விவசாயிங்களுக்கும் வேட்டைக்காரங்களுக்கும் பெரிய மிருகத்துக்கு ஒரு துப்பாக்கி வேணும், ஆனா டபுள் ரைஃபிள் (ரெட்டைக் குழல்) வாங்குற வசதி எல்லாருக்கும் இல்ல. இவர் என்ன பண்ணாருன்னா சாதாரண மவுசர் 98 ஆக்‌ஷன்ல எந்த வேலையும் பண்ணாம அப்படியே அடங்குற மாதிரி எவ்ளோ பெரிய தோட்டா செய்ய முடியுமோ அவ்ளோ பெருசா செஞ்சாரு. துப்பாக்கி விலை ஏறல, மேகசின்லயும் அஞ்சு நிக்குது. நூறு வருஷம் தாண்டியும் அதே காரணத்துக்குத்தான் நானும் வாங்குனேன், என் ரைஃபிள் பழைய ஹஸ்க்வர்னா, மவுசர் ஆக்‌ஷன், கட்டையில கீறல் இல்லாத இடமே கிடையாது, போல்ட் மட்டும் வெண்ணெய்.

286 கிரெய்ன் குண்டு, 2,360 அடி வேகம். பேப்பர்ல பாத்தா சுமாரா இருக்கும். ஆனா நான் போறது காட்டுப்பன்னி ஓட்டுவேட்டைக்கு, ஆளுங்க ஒரு பக்கம் இருந்து கலைச்சு விடுவாங்க, நம்ம நிக்கிற சந்துல பன்னி பாஞ்சு போகும், நாப்பது அம்பது மீட்டர், யோசிக்க நேரம் இருக்காது. அங்க இந்தக் கனமான, மெதுவான குண்டுதான் ராஜா. உள்ள போன ஓட்டை, வெளிய வந்த ஓட்டை ரெண்டும் இருக்கும், அதனால ரத்தத்தடம் தரையில கோடு போட்ட மாதிரி கிடக்கும், நாய் இல்லாமலே போய் எடுத்துடலாம். அதுக்கும் மேல, கறி கெடாது. வேகமான மேக்னத்துல தோள்பட்டையில பட்டா சுத்தி ஒரு சாண் ரத்தம் கட்டி ஜெல்லி மாதிரி ஆகி வெட்டிப் போட வேண்டியிருக்கும், இதுல ஓட்டைக்குப் பக்கத்துலயே அறுத்து எடுக்கலாம்.

குறை இல்லாம இல்ல. உருண்டை மூக்கு 286 போட்டு 100-ல ஸீரோ பண்ணா 200-ல 20 சென்டிமீட்டர் கிட்ட இறங்கிடும், 300-ல முக்கால் மீட்டர். வெட்டவெளியில தூரத்துல சுடணும்னா அண்ணன் சொன்ன .338 தான். காட்டுக்குள்ள 200-க்குள்ளன்னா என்கிட்ட வாங்க.

* * *

ரெண்டு பேரும் .375-ஐ விட்டுட்டீங்களே சார்! 1912-ல ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் கொண்டு வந்தது, இன்னிக்கும் எந்தத் தயாரிப்பாளர் பெரிய மிருகத்துக்கு ரைஃபிள் போட்டாலும் முதல்ல இதுக்குத்தான் போடுறான். ஆப்பிரிக்காவுல எருமை, சிங்கம், யானைன்னு ஆபத்தான மிருகங்களுக்கு பல நாடுகள்ல இதைத்தான் குறைஞ்சபட்ச அளவா வச்சிருக்காங்க. எனக்கு எருமை அனுபவம் கிடையாது, அதனால அதைப் பத்தி அளக்க மாட்டேன். ஈலண்ட், குடு, இந்த ரெண்டு ஆப்பிரிக்க மானும்தான்.

ஈலண்ட் தெரியாதவங்களுக்கு: மான் குடும்பத்து மாடு மாதிரி, பெரிய காளை முக்கால் டன்னுக்கு மேலயே போகும். 300 கிரெய்ன் குண்டு, 2,530 அடி. முன்பக்கம் சாய்ஞ்சு நின்ன ஒரு காளைக்கு தோள்முனையில அடிச்சேன், குண்டு எலும்பை உடைச்சுக்கிட்டு உள்ள நீளமா ஓடி, பின்னாடி விலாவோட கடைசியில தோலுக்கு அடியில நின்னுச்சு. சின்ன கேலிபர்ல அந்தக் கோணத்துல நான் சுட்டே இருக்க மாட்டேன். நடுத்தர போரோட பலன்னு நான் நினைக்கிறது இதுதான், கூடுதலா கொல்லுறது இல்ல, மோசமான கோணத்துலயும் உள்ள போய்ச் சேர்றது.

இன்னொண்ணு யாரும் சொல்றதில்ல. இந்தக் கேஸோட வடிவத்தைப் பாருங்க, அடியில இருந்து மேல வரைக்கும் நல்லா சரிவு, தோள் (கழுத்துக்குக் குறுகுற இடம்) இருக்கா இல்லையான்னே தெரியாத மாதிரி சப்பையா. அந்தச் சரிவால தோட்டா மேகசின்ல இருந்து சேம்பருக்குள்ள (குழலோட பின்முனையில தோட்டா உக்காருற இடம்) வழுக்கிக்கிட்டுப் போகுது, சுட்ட பிறகு வெயில்லயும் ஒட்டாம வெளிய வருது. தோள் அவ்ளோ சரிவா இருந்தா சேம்பர்ல சரியான இடத்துல நிக்காது, அதுக்குத்தான் அடியில அந்த பெல்ட்ங்கிற தடிச்ச வளையம். பெல்ட் இருந்தா கேஸ் உறுதின்னு சில பேரு நினைக்கிறாங்க, அதெல்லாம் இல்ல. .338-ல நல்ல தோள் இருக்கு, அதுக்கு பெல்ட்டே தேவையில்ல, அப்பா வீட்டுச் சொத்து மாதிரி ஒட்டிக்கிட்டு வந்துடுச்சு.

கஷ்டம் என்னன்னா நீளம். தோட்டா மொத்தம் 91 மில்லி, ஆக்‌ஷன் நீளமா வேணும், ரைஃபிள் கனமாகும், போல்ட்டை முழுசா பின்னாடி இழுக்கணும். பதட்டத்துல பாதி இழுத்துட்டு முன்னாடி தள்ளுனா காலி சேம்பர்ல க்ளிக்னு கேக்கும். அந்த நீளம் வேணாம்னுதான் 2007-ல .375 ரூகர் வந்துச்சு, ஹார்னடியும் ரூகரும் சேந்து செஞ்சது, பெல்ட் இல்ல, .30-06 நீளத்து ஆக்‌ஷன்ல போகும், சக்தி அதே அளவு, கொஞ்சம் கூடன்னே சொல்லலாம். நல்ல தோட்டாதான், ஆனா எந்த மூலைக்குப் போனாலும் கிடைக்குமான்னா எச் அண்ட் எச் தான் கிடைக்கும்.

* * *

உதை பத்தி ஒரு சின்ன விஷயம். எங்க கூட வந்த ஒருத்தர் புது .338-க்கு கண்ணுக்கு ரொம்பப் பக்கத்துல ஸ்கோப்பை மாட்டிட்டாரு, மேட்டைப் பாத்து படுத்துக்கிட்டு அடிச்சாரு, புருவத்துல பிறை மாதிரி வெட்டு, மூணு தையல். மேல் நோக்கி சுடும்போது தலை தானா முன்னாடி போகும், தட்டையான ரேஞ்சுல சரியா இருந்த இடைவெளி அங்க பத்தாது. இந்த கேலிபருக்கு குறைஞ்சது மூணரை அங்குலம், நாலு இருந்தா நல்லது. மசில் பிரேக் (குழல் முனையில வாயுவைப் பக்கவாட்டுல தள்ளுற துண்டு) போட்டா உதை குறையும்தான், ஆனா பக்கத்துல நிக்கிறவன் காது போயிடும், கைடுங்க பாதிப் பேரு அதைப் பாத்தாலே மூஞ்சியைச் சுளிக்கிறாங்க.

* * *

.35 வீலன்காரங்க யாருமே இல்லையா இங்க? சரி நானே. .30-06 கேஸோட கழுத்தை .358-க்கு விரிச்சா இதான், 1922-ல இருந்து தனியா செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, ரெமிங்டன் கம்பெனி தோட்டாவா கொண்டு வந்தது எண்பதுகளோட கடைசியில. எனக்கு இதுல பிடிச்சது கேஸ். ரேஞ்சுல பொறுக்குன .30-06 கேஸ் மூட்டையா கிடக்கு, ஒரு டை (கேஸை அழுத்தி உருமாத்துற அச்சு) போதும். ஆனா கழுத்தை விரிக்கும்போது தோள் ரொம்பக் கொஞ்சமாதான் மிஞ்சும், தோளைப் பின்னாடி தள்ளிட்டா ஹெட்ஸ்பேஸ் (சேம்பர்ல கேஸ் சரியான இடத்துல நிக்கிற அளவு) கெட்டுடும், அடிச்ச பிறகு கேஸ் அடியில பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சா அந்தக் கேஸைத் தூக்கிப் போட்டுடுங்க, ரெண்டு மூணு தடவைக்குள்ள பிச்சுக்கும்.

இன்னொரு சொகுசு, .357 பிஸ்டல் குண்டை மெதுவான லோடுல போட்டு ப்ராக்டிஸ் பண்ணலாம், உதையே தெரியாது, மத்தியானம் பூரா நின்னுக்கிட்டு சுடலாம். மேனுவல்ல இருக்கிற லோடு மட்டும். மெதுவா எரியற பவுடரை நம்ம இஷ்டத்துக்குக் குறைச்சுப் போடுறது ஆபத்து. அந்தக் குண்டை மிருகத்து மேல அடிக்கவும் கூடாது, பட்டதும் உடைஞ்சு மேலோட்டமா புண்ணாக்கும்.

வாங்குறவங்க பேரல் மரையை (குண்டைச் சுழல வைக்கிற குழல் வரி) கேட்டுட்டு வாங்குங்க. சில ரைஃபிள்ல 16 அங்குலத்துக்கு ஒரு சுத்துதான் வரும், 200, 225 கிரெய்னுக்குக் கவலை இல்ல, ஆனா இப்ப வர்ற நீளமான முழு செம்புக் குண்டுங்க அதுல சரியா நிலைக்காது. 12 அங்குலம்னா எதுவும் போடலாம்.

* * *

எல்லாரும் தோட்டாவைப் பத்தியே பேசுறீங்க, குண்டைப் பத்தி பாதிதான் வந்திருக்கு. என் நண்பரோட .338-ல இளகுன குண்டு போட்டு முப்பது மீட்டர்ல ஒரு பெரிய ஆண்பன்னி தோள்ல அடிச்சாரு, அந்த வேகத்துல குண்டு தோள் கவசத்துலயே சிதறிப் போச்சு, மேல தட்டு அளவுக்குப் புண்ணு, உள்ள ஒண்ணுமில்ல. நாய் வச்சுத் தேடி இருட்டுறதுக்குள்ள முடிச்சோம். அதே பன்னிக்கு 9.3-ல சாதா குண்டே போதும், ஏன்னா அந்த வேகத்துல அது உடையாது. வேகம் கூடக் கூட குண்டுக்குச் செலவு பண்ணணும்.

அமெரிக்காவுல குண்டு தயாரிச்ச ஜான் நாஸ்லருக்கும் இதே பிரச்சினைதான், நாப்பதுகள்ல ஒரு மூஸ் மேல இவரோட மேக்னம் குண்டு சரியா இறங்கல. அந்தக் கடுப்புல நடுவுல செம்புத் தடுப்பு வச்ச பார்ட்டிஷன் குண்டை செஞ்சு 1948-ல விக்க ஆரம்பிச்சாரு. முன்பாதி விரிஞ்சு உதிர்ந்தாலும் பின்பாதி கட்டியா உள்ள போய்க்கிட்டே இருக்கும்.

தலைகீழாவும் நடக்கும், அதையும் சொல்லிடுறேன். எருமைக்குன்னு செஞ்ச கெட்டியான .375 குண்டை சின்ன மான் விலாவுல அடிச்சா விரியவே விரியாது, பென்சில் ஓட்டை போட்டுட்டுப் போகும், மான் ரொம்ப தூரம் ஓடும். பெரிய துப்பாக்கியால அடிச்சும் ஏன் ஓடுதுன்னு அப்புறம் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

* * *

திரி ஆரம்பிச்சவன் தான் திரும்ப. தனியா மெசேஜ்ல ஒரு தம்பி கேட்டிருக்காரு, .30-06 இருக்கு, அடுத்து எதை வாங்கலாம்னு. தம்பி, நீங்க சுடுறது மானும் பன்னியும் மட்டும்னா ஒண்ணும் வாங்க வேணாம், 180 கிரெய்ன் நல்ல குண்டா மாத்துங்க. மூஸ், எல்க் வெட்டவெளியிலன்னா .338. காட்டுக்குள்ளன்னா நான் சொந்த ரைஃபிளை விட்டுக்குடுத்துட்டே சொல்றேன், மேல ஒருத்தர் எழுதுன 9.3×62. ஆப்பிரிக்காவுக்கு ஒருநாள் போவேன்னு மனசுல இருந்தா .375, போற நாட்டுச் சட்டத்தை மொதல்ல படிச்சுட்டு. எதை வாங்குனாலும் எட்டு பவுண்டுக்குக் கீழ இருக்கிற ரைஃபிள் வேணாம், மலையேறும்போது சுகமா இருக்கும், சுடும்போது கண்ணை மூட வச்சுடும்.

* * *

நன்றிண்ணே, அந்தத் தம்பி நான்தான். 9.3 அண்ணன் கிட்ட ஒரே ஒரு கேள்வி, 232 கிரெய்னும் 286-ம் ஒரே ஸீரோவுல போடலாமா?

* * *

போடாதீங்க தம்பி. என் ஹஸ்க்வர்னாவுல ரெண்டும் ஒரே எடத்துல விழாது, உயரமும் மாறுது, பக்கவாட்டுலயும் தள்ளிப் போகுது, உங்க ரைஃபிள்ல எப்படின்னு பேப்பர்ல அடிச்சுப் பாத்தாத்தான் தெரியும். ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அதுலயே ஸீரோ வைங்க, இன்னொண்ணை அந்த சீசன் முடியிற வரைக்கும் வீட்டுல வச்சிருங்க, பையில கலந்து போடாதீங்க.