சூன்யம் பற்றி ஓத ஆரம்பித்த பிறகு தியானத்தில் அமர முடியவில்லை

வணக்கம். மதுரையில் ஞாயிறு காலை சிலர் சேர்ந்து ஜாஜென் (ஜென் பௌத்த அமர்வுத் தியானம்) அமர்கிறோம். சுவரைப் பார்த்து 25 நிமிடம், அப்புறம் கின்ஹின் என்ற மெதுவான தியான நடை, மறுபடி 25 நிமிடம். வழிகாட்ட ஆசிரியர் இல்லை.

சித்திரையில், சூன்யத்தைப் பற்றிய பௌத்த நூலான இருதய சூத்திரத்தைச் சேர்ந்து ஓத ஆரம்பித்தோம். ‘கண் இல்லை, காது இல்லை, மூக்கு இல்லை’ என்ற வரிகளுக்குப் பிறகுதான் எனக்குச் சிக்கல். முதுகு, முழங்கால் எதுவும் வலிக்கவில்லை. மூச்சை எண்ணி நான்கைத் தாண்டுவதற்குள் ‘எதுவுமே இல்லையென்றால் இதெல்லாம் எதற்கு’ என்று நெஞ்சை அடைக்கிறது. வீட்டில் மகள் பள்ளிக்கூடக் கதை சொன்னாலும் மனம் ஒட்டுவதில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஓதுவதை நிறுத்திப் பார்த்தேன், தனியாகவும் அமர்ந்து பார்த்தேன். மருத்துவரிடம் காட்டினேன், மனச்சோர்வு இல்லை என்றார். சூன்யத்தை விளக்கிய பௌத்தத் தத்துவ அறிஞர் நாகார்ஜுனரின் மூலமத்யமக காரிகை 24ஆம் அத்தியாயமும் படித்தேன். எல்லாம் காரணங்களைச் சார்ந்து தோன்றுவதையே சூன்யம் என்கிறார். அதைத் தப்பாகப் புரிந்துகொள்வது பாம்பைத் தப்பாகப் பிடிப்பது போல என்றும் எச்சரிக்கிறார். படிக்கும்போது தெளிகிறது, அமர்ந்தால் பழையபடிதான். கொடைக்கானல் பெருமாள்மலை போதி ஜென்டோ என்ற ஜென் தியான மையத்துக்குப் போக இப்போதைக்கு விடுப்பு கிடைக்காது.

இதைக் கடந்து வந்தவர்கள் சொல்லுங்கள்: மூச்சு எண்ணுவதையே தொடர்ந்தீர்களா, எதையும் எண்ணாமல் வெறுமனே அமரும் ஷிகன்தாசாவுக்கு மாறினீர்களா?