விறகு அடுப்புக் கண்ணாடி கறுத்துப் போகுது, வீட்டுச் சாமானால எப்பிடித் துடைக்கிறது?

வடகாற்று:
எல்லாருக்கும் வணக்கம். நோர்வேயில இருக்கிறம். வார்ப்பிரும்பு அடுப்பு, முன்பக்கம் பெரிய கண்ணாடிக் கதவு, எரிக்கிறது பேர்ச் விறகு. கண்ணாடியின்ர கீழ்மூலை ரெண்டும் தார் பூசினமாதிரிக் கறுத்து மினுங்குது, நடுவில மண்ணிறப் படலம். கடை ஸ்பிரே மூக்கை அரிக்குது, சின்னப் பிள்ளையள் உள்ள வீடு. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் கலந்து பூசச் சொல்லி வீடியோக்களில காட்டுகினம். நல்லா நுரைக்குது, கறுப்பு அசையேல்லை. பிளேட்டால சுரண்டலாமோ?

கரிக்கட்டை:
வணக்கம். வினாகிரி அமிலம், அப்பச்சோடா காரம். கலந்தால் ஒண்டை ஒண்டு முறிச்சுப்போடும். நுரை வெறும் கரியமிலவாயு, மிஞ்சிறது உப்புத்தண்ணி. ரெண்டையும் தனித்தனியாப் பாவியுங்கோ.

கண்ணாடியில ஒட்டியிருக்கிறது விறகுத்தார். அதை இளக்கக் காரம் வேணும், அது உங்கட அடுப்புக்குள்ளையே கிடக்கு. சாம்பலில இருக்கிற பொட்டாசியம் காபனேற்று தண்ணி பட்டவுடன கரைஞ்சு காரமாகும். ஊரில சட்டி பானை விளக்கினதும் இதாலதான்.

அடுப்பு முழுக்க ஆறினாப் பிறகு செய்யுங்கோ. வெள்ளையா, மாமாதிரி இருக்கிற சாம்பலை மட்டும் எடுத்துத் தேத்தண்ணி வடியில அரியுங்கோ. விரலுக்கிடையில உரசிப் பாத்தால் நறநறக்கக் கூடாது. மரப்பட்டையோட வந்த ஒரு மணல் போதும், கண்ணாடியில கீறு விழ. பேப்பரைக் கசக்கி, நனைச்சு, பிழிஞ்சு, சாம்பலில தொட்டு வட்டமாத் தேயுங்கோ. பேப்பர் கறுத்தவுடன மாத்துங்கோ, அதே பேப்பரால தேய்ச்சால் தார் இடம்மாறும், அவ்வளவுதான். கையுறை கட்டாயம், ஈரச்சாம்பல் தோலை அரிக்கும். மிச்சச் சாம்பலை மூடியுள்ள தகர வாளியில போடுங்கோ, அதுக்குள்ள தணல் நாள்கணக்கில உயிரோட இருக்கும்.

ஈரப்பேப்பர்:
மூலையில மினுங்கிற தடிப்புக்குச் சாம்பல் மட்டும் காணாது. 3 மேசைக்கரண்டி அப்பச்சோடாவுக்கு 1 மேசைக்கரண்டி தண்ணி விட்டுக் களியாக் குழைச்சு அப்பி, 15 நிமிஷம் ஊற விடுங்கோ. பிறகு தேயுங்கோ. அப்பவும் நிண்டால் புதுப் பிளேட்டைச் சரிவாப் பிடிச்சு, ஈரத்தோடயே தள்ளலாம். வெப்பத்தைத் திருப்பிவிடற பூச்சுள்ள கண்ணாடியெண்டால் பிளேட்டை அண்டவிடாதேங்கோ.

எதையும் நேர கண்ணாடியில தெளிக்காதேங்கோ. வழிஞ்சு கீழ்விளிம்பில, கதவிடுக்கால காத்துப் போகாமல் அடைக்கிற கயிறு குடிச்சிடும். ஊறின கயிறு இறுகி, காத்தை உள்ள விடத் தொடங்கும்.

கடைசித் துடைப்புத்தான் முக்கியம். வினாகிரியும் தண்ணியும் சரிபாதி, துணியில தொட்டுத் துடைச்சு, பிறகு வெறும் தண்ணி, பிறகு காஞ்ச துணி. காரம் மிஞ்சினபடி நெருப்பு மூட்டினால் வெள்ளைப் படலமாச் சுட்டு ஒட்டிடும், பிறகு அது போகாது. வினாகிரியோட குளோரின் வெளுப்பானைக் கலக்கவே வேண்டாம், நச்சுவாயு வரும்.

தணல்:
துடைக்கிறதைச் சொல்லியாச்சு. ஆனா கண்ணாடி திரும்பத் திரும்பக் கறுத்தால் நெருப்பைத்தான் பாக்கவேணும். மேல்விளிம்பால இறங்கிற காத்துத்தான் புகையைக் கண்ணாடியில படவிடாமல் தள்ளுது. காத்தைக் கெதியாக் குறைச்சால், இல்லாட்டி இராமுழுக்கப் புகையவிட்டால், அந்தக் காத்துத் திரை நிக்காது.

விறகின்ர ஈரம் 20 வீதத்துக்குக் கீழ வேணும். ஈரப்பதமானியைக் கட்டையின்ர நுனியில குத்தாதேங்கோ, நுனி முதலில காஞ்சிடும். புதுசாப் பிளந்து, உள்முகத்தின்ர நடுவில குத்துங்கோ. பெரிய கட்டையைக் கீழயும் சுள்ளியை மேலயும் அடுக்கி, மேலயிருந்து கொளுத்துங்கோ. கட்டை கண்ணாடியில முட்டக்கூடாது.

ஒரு மூலை மட்டும் கறுத்தால் அந்தப் பக்கக் கயிறில சந்தேகம். ஆறின அடுப்பில ஒரு தாளை வைச்சுக் கதவைப் பூட்டி இழுங்கோ. லேசா வழுக்கி வந்தால் கயிறு தட்டையாப்போச்சு. நாலு பக்கமும் பாருங்கோ. கண்ணாடியில மினுங்கிற அதே தார் புகைபோக்கிக்குள்ளையும் படிஞ்சு தீப்பிடிக்கலாம். கொம்யூனில (உள்ளூராட்சியில) இருந்து வாற புகைபோக்கி துடைக்கிற ஆளிட்டையும் சொல்லி வையுங்கோ.

வடகாற்று:
மிச்சம் நன்றி. தாளை இழுத்துப் பாத்தம், கீழ்ப்பக்கம் லேசா வருது. கயிறு மாத்தேக்கை கண்ணாடியையும் கழட்டலாமோ?

ஈரப்பேப்பர்:
கழட்டலாம். திரும்பப் பூட்டேக்கை திருகாணியளை மாறிமாறிக் கொஞ்சங் கொஞ்சமா இறுக்குங்கோ, கிளிப் கண்ணாடியைப் பிடிச்சால் போதும். இரும்பு விரியிற அளவுக்கு இந்தக் கண்ணாடி விரியாது. இறுக்கிப் பூட்டினால் சூடேறேக்கை வெடிக்கும். மாத்த வேண்டிவந்தால் அடுப்புக்கான கண்ணாடிப்பீங்கான்தான் கேக்கவேணும், யன்னல் கண்ணாடி தாங்காது. பழைய கயிறின்ர தடிப்பை அமத்தாத இடத்தில அளந்துகொண்டு போய்ப் புதுசை வாங்குங்கோ.