கிடாவின் இரைப்பையும் பெட்டையின் இரைப்பையும்: கொஞ்சம் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. பேராதனையில் மிருகவைத்தியம் படிக்கிறேன், வீடு அட்டன் பக்கத்துத் தோட்டத்தில். இறுதியாண்டு ஆய்வுக்கு ஆட்டின் நாலாம் இரைப்பையில் கிரெலின் சுரக்கும் கலங்களைக் கிடாவிலும் பெட்டையிலும் எண்ணி ஒப்பிடுகிறேன். 1999இல் எலியின் இரைப்பையில் கண்டுபிடித்த பசி ஓமோன் அது. சூலகம் அகற்றிய எலிக்குப் பெண் ஓமோனான ஈஸ்ட்ரடியோல் கொடுத்தால், கிரெலின் ஊசி போட்டும் தீனி அவ்வளவு ஏறாது. ஆகவே பெட்டை சினையா, வேட்கையிலா என்று தெரியாமல் எண்ணுவது வீண்வேலை.

கடையில் கிடைப்பதெல்லாம் கிடா. போன கிழமை கிடைத்த ஒரே பெட்டைத் துண்டும் போர்மலினில் போடுமுன் பஸ்ஸிலேயே கெட்டு, உட்படலம் உரிந்துவிட்டது. (கண்டக்டர் பார்த்த பார்வை!)

ஆட்டில் ஒழுங்காகச் சாயம் பிடிக்கும் கிரெலின் பிறபொருளெதிரி (கிரெலினில் ஒட்டி அந்தக் கலங்களைக் காட்டிக்கொடுக்கும் antibody) பாவித்தவர்கள் இருக்கிறீர்களா? கண்டி, நுவரெலியா பக்கம் பெட்டை அறுக்கும் இடம் தெரியுமா? காயடித்த கிடாவைத் தனியாகத்தான் எண்ணணுமா?