அறுபத்துமூவர் அன்று மயிலாப்பூரில் உங்களுக்கு நடந்தது என்ன?

நெல்லைக்காரன்:
சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் வருடம். நெல்லையப்பர் தேரில் பார்க்காத கூட்டமா என்ற நினைப்பில், கபாலீஸ்வரர் கோயில் பங்குனித் திருவிழாவின் எட்டாம் நாளான அறுபத்துமூவர் அன்று பிற்பகல் திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கி நடந்தேன். மாடவீதிக்குள் நுழைந்ததுமே ஒருவர் என் இடது கையில் சர்க்கரைப் பொங்கல் தொன்னையைத் திணித்தார். சுடச்சுட. பத்தடி தள்ளி இன்னொருவர் வலது கையில் மோர் கொடுத்தார். அடுத்தவர் பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். கை இரண்டும் மாட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து அவரே சட்டைப்பைக்குள் போட்டுவிட்டார். ஒரு சின்னப் பையன் அதே பையில் பென்சில் ஒன்றைச் செருகிவிட்டு ஓடினான்.

அந்த நேரம் பார்த்துக் கபாலீஸ்வரர் வந்துவிட்டார். கும்பிடக் கை இல்லை. பொங்கலைக் கீழே வைக்கவும் மனசு வரவில்லை. நடைபாதையில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்த பாட்டி என் தவிப்பைக் கவனித்திருக்க வேண்டும். "கண்ணால கும்பிடுப்பா, அதுவே போதும்" என்றார். பின்னாலேயே நாயன்மார்கள், ஒரு சப்பரத்தில் மூன்று பேர், நான்கு பேர் என்று நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தார்கள். ஷேர் ஆட்டோ ஞாபகம் வந்தது. தப்பாக நினைக்காதீர்கள்.

சித்திரக்குளத்துக்காரி:
நாங்கள் கொடுக்கிற கட்சி. எங்கள் ஃபிளாட்டில் நான்கு வீடுகள் சேர்ந்து நீர்மோர் போடுகிறோம். முதல் தடவை நடந்ததைக் கேளுங்கள். ராத்திரியே தயிர் தோய்த்து, காலையில் கடைந்து, இஞ்சி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, ஐஸும் போட்டு, அண்டாவைத் தூக்கி வந்து வைத்தாயிற்று. முதல் டம்ளர் குடித்த மாமா, "எல்லாம் சரிம்மா, உப்பு?" என்றார். எதிர்க்கடையில் வாங்கிக் கொட்டிய கல்லுப்பு, ஜில்லென்ற மோரில் கரையாமல் அடியிலேயே கிடந்தது. மேலே குடித்தவர்களுக்குச் சப்பு, கடைசியில் வந்தவர்களுக்குக் கடல் தண்ணீர்! இப்போதெல்லாம் உப்பை வெந்நீரில் கரைத்துப் பாட்டிலில் எடுத்துப் போகிறோம்.

பிளாஸ்டிக் கப் வேண்டாம் என்று எவர்சில்வர் டம்ளர் வைக்கிறோம். அறுபது கொண்டுபோனால் ஐம்பது திரும்பி வரும். மறுநாள் தெருவில் குவிந்துகிடக்கும் கப்புகளைப் பார்த்தால், பத்து டம்ளர் போனதே மேல் என்று தோன்றும்.

ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார்:
இருவருக்கும் ஒரு செய்தி. பாம்பு தீண்டி இறந்த பூம்பாவையின் சாம்பலை வைத்து, அவளை உயிர்ப்பிக்கத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டு. எட்டாம் நாள் காலையில் குளத்தருகே அந்தக் காட்சியை நடத்துவார்கள். பிற்பகல் கூட்டத்துக்கு வருபவர்கள் பலர் அதைத் தவறவிடுகிறார்கள். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஊர்த் திருவிழாக்களை மாத வரிசையில் சொல்லி, இதையெல்லாம் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று கேட்கிறார். அலையடிக்கும் மயிலை என்றும் பாடுகிறார். பழைய கோயில் இருந்தது கடலோரத்தில்.

ஆனால் முதல் பாட்டில் அவர் சொல்வது திருவிழாவை அல்ல. 'அட்டிட்டல்', அதாவது அடியார்களுக்குச் சமைத்துப் போடுவது. செத்தவளைத் திரும்பக் கூப்பிட முதலில் சோற்றைத்தான் காட்டுகிறார்! முப்பது வருடம் பாடம் நடத்திய எனக்கு, வடக்கு மாடவீதியில் முன்பின் தெரியாத ஒருவர் கையில் புளியோதரை வைத்த அன்றுதான் அந்தச் சொல் உறைத்தது.

கூட்டம் ஆகாதவள்:
எனக்கு மூச்சு முட்டும், நான் வரமாட்டேன். நவராத்திரிக்கு முன்னால் வடக்கு மாடவீதி பொம்மைக் கடைகள், ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழாவின் கோலப்போட்டி, இரண்டும் போதும். ஒரு வருடம் எங்கள் தசாவதார செட்டில் வாமனர் உடைந்துபோனார். செட்டைப் பிரித்துக் கொடுக்கமாட்டார்கள். ஒரு கடைக்காரர் மட்டும் வைக்கோலைக் கிளறித் தனியாக ஒரு வாமனரை எடுத்துக் கொடுத்தார். வீட்டில் இருந்த பரசுராமரைவிட இரண்டு விரல் உயரம். மறுநாள் போய்ச் சொன்னால், "வாமனர்தானேம்மா, வளர ஆரம்பிச்சுட்டாருன்னு வெச்சுக்கங்க" என்கிறார். இன்றும் எங்கள் கொலுவில் அவர்தான்.

நெல்லைக்காரன்:
வாத்தியார் ஐயா, இந்த வருடம் காலையிலேயே வந்துவிடுகிறேன். தோளில் துணிப்பையோடு. அப்புறம் ஒரு விஷயம், அன்று கையில் இருந்த மோர் டம்ளர் என்னோடு ரூமுக்கே வந்துவிட்டது. எவர்சில்வர்தான்.

சித்திரக்குளத்துக்காரி:
அடியில் புள்ளி வைத்து "சி" என்று வெட்டியிருக்கிறதா, பாருங்கள் தம்பி.